கீமோ ஏறும் முன்பே வாந்தி: மனக்காட்சிப் பயிற்சி உதவுமா?

தறிநூல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்று கேட்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்யலாம் என்று முதலில் கீமோ கொடுக்கிறார்கள். மூன்று சுற்று முடிந்தது. முதல் சுற்றில் வாந்தி உயிரை எடுத்துவிட்டது. மருந்தை மாற்றியதும் அடங்கியது. இப்போது வேறு சிக்கல். ஊசி குத்துவதற்கு முன்பே குமட்டல். போன முறை கார் மருத்துவமனை வாசலில் திரும்பியதுமே வாயைப் பொத்திக்கொண்டார். கையில் தேய்க்கும் அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் பட்டால் போதும். முந்தின ராத்திரி தூக்கமும் கிடையாது.

உறவினர் ஒருவர் ஆடியோ ஒன்று அனுப்பினார். 'கைடட் இமேஜரி'யாம், அதாவது மனக்காட்சிப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு வெள்ளை அணுக்களைப் படைவீரர்களாக நினைக்க வேண்டும், அவர்கள் புற்றுச் செல்களை வெட்டிச் சாய்ப்பதை மனசுக்குள் பார்க்க வேண்டும். தினம் மூன்று வேளை செய்தால் கட்டி கரைந்துவிடும் என்கிறார். அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "என் உடம்புக்குள்ள எதுக்குடா வெட்டும் குத்தும்? நாப்பது வருஷம் சத்தம் போடாதீங்கடான்னு சொல்லியே பொழப்ப ஓட்டுனவ நான்." (ஓய்வுபெற்ற ஆசிரியை.)

இதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா, இல்லை வெறும் ஆறுதலா? அவரை வற்புறுத்தலாமா? அடுத்த சுற்றுக்குப் பதினாறு நாள் இருக்கிறது.

---

உப்புக்கல்

கட்டி கரையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படைவீரர் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970களில் அமெரிக்காவில் கார்ல் சைமன்டன் என்ற கதிரியக்க மருத்துவரும் அவர் மனைவி ஸ்டெஃபனியும் பரப்பியது. புற்றுச் செல் பலவீனமானது, குழம்பிப்போனது. வெள்ளை அணு பலசாலி. இதை மனசில் ஓடவிடு என்பார்கள். தங்கள் நோயாளிகள் அதிக நாள் வாழ்ந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பில் ஒரு குழு இல்லை. அவர்களிடம் தேடிப் போனவர்கள் ஏற்கெனவே எழுந்து நடமாடும் தெம்பும் விடாப்பிடியும் உள்ளவர்கள். அவர்கள் நீண்ட நாள் இருந்ததில் என்ன அதிசயம்?

உங்கள் அம்மாவின் நிலைக்கு அப்படியே பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. 1999இல் பிரிட்டனில் வாக்கரும் குழுவினரும் வெளியிட்டது. பெரிய கட்டி அல்லது அந்த இடத்திலேயே முற்றிய மார்பகப் புற்று, அறுவைக்கு முன் கீமோ, 96 பெண்கள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மீதிப் பேருக்கு அதோடு உடல் தளர்த்தலும் மனக்காட்சியும். பயிற்சி செய்தவர்களின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தன. கட்டி சுருங்கியதில்? ஒரு வித்தியாசமும் இல்லை. மருத்துவர்கள் பரிசோதித்துப் பார்த்ததிலும் இல்லை, அறுவைக்குப் பின் திசுவைச் சோதித்தபோதும் இல்லை.

உறவினர்கள் அனுப்பும் ஆடியோக்களுக்குத் தனியாக ஒரு கீமோ கண்டுபிடித்தால் தேவலை.

---

வெண்கதிர்

உப்புக்கல் சார் எப்போதும் போல எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார். மனம் உடலை ஆளும் என்பதை அறிவியலே ஒப்புக்கொள்கிறது. புளிப்பை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறதே, அது எப்படி? எச்சிலை வரவைக்கும் மனசால் நோய் எதிர்ப்பை வரவைக்க முடியாதா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலின் ஆய்வு 1989இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரவிய மார்பகப் புற்று, 86 பெண்கள். குழுவாக உட்கார்ந்து பேசி, சுய ஹிப்னாசிஸ் கற்றவர்கள் சராசரி 36.6 மாதம் வாழ்ந்தார்கள். மற்றவர்கள் 18.9 மாதம். இரட்டிப்பு! இதை ஏன் யாரும் சொல்வதில்லை? எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கீமோவைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தியானமும் மனக்காட்சியும் மட்டும் செய்கிறார், நன்றாகவே இருக்கிறார்.

---

உப்புக்கல்

> இரட்டிப்பு! இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சொன்னார்கள், திரும்பச் செய்தும் பார்த்தார்கள். கனடாவில் பமேலா குட்வின் தலைமையில் 235 பெண்கள், 2001. குழுவில் இருந்தவர்கள் 17.9 மாதம், இல்லாதவர்கள் 17.6 மாதம். ஸ்பீகலே 2007இல் தன் மறு ஆய்வை வெளியிட்டார். ஆயுள் கூடவில்லை என்று தானே எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் குட்வின் ஆய்வில் வலியும் மன உளைச்சலும் குறைந்தது நிஜம், அதுவும் ஆரம்பத்தில் அதிகம் தவித்தவர்களுக்கு. அதை நான் மறுக்கவே இல்லையே.

எச்சில் ஊறுவது சரிதான். எச்சில் சுரப்பிக்கு மூளையிலிருந்து நரம்பு போகிறது. புற்றுக்கட்டியை 'கரை' என்று கட்டளையிட அப்படி ஒரு கம்பி கிடையாது.

பாதியில் நிறுத்தியவர் நலமாக இருக்கட்டும். ஆனால் 2018இல் அமெரிக்கத் தரவை வைத்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். குணமாகக்கூடிய கட்டத்தில் சிகிச்சையை விட்டு மாற்று முறையை மட்டும் நம்பிய 281 பேர். சிகிச்சை எடுத்தவர்களை விட அவர்களுக்கு மரண அபாயம் 2.5 மடங்கு.

---

நெறியாளர்

சிகிச்சையை நிறுத்தச் சொல்வதுபோல் படும் பதிவுகள் இங்கே நிற்காது. வெண்கதிர், உங்கள் பதிவை இந்த முறை விட்டுவைக்கிறேன், பதிலும் கூடவே இருப்பதால்.

---

இரவுப்பணி

கீமோ வார்டுல பல வருஷமா நர்ஸ். தம்பி, ஆய்வுச் சண்டைய அவங்க போடட்டும். உங்க அம்மாவுக்கு என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன்.

இதுக்குப் பேரு முன்கூட்டிய குமட்டல். பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல, நடிப்பும் இல்ல, அத அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. பாவ்லோவோட நாய் கதை படிச்சிருப்பீங்களே, சாப்பாட்டோட சேத்து ஒரு சத்தத்தக் கேட்டுப் பழகின நாய்க்குப் பின்னால அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறுச்சே, அதேதான். முதல் சுற்றுல வாந்தி கடுமையா வந்துச்சு. அப்ப சுத்தி என்ன இருந்துச்சோ, அந்த வாடை, அந்த நாற்காலி, கையுறை போடுற சத்தம், எல்லாத்தையும் உடம்பு சேத்து முடிச்சுப் போட்டுடுச்சு. அப்புறம் வாடை வந்தாலே வயிறு பொரட்டும். 1978ல ஐலீன் பெர்ன்ஸ்டைன்னு ஒருத்தங்க கீமோ எடுக்கற குழந்தைங்களுக்கு ஊசிக்கு முன்னாடி புது ருசியில ஐஸ்கிரீம் குடுத்துப் பாத்தாங்க. பின்னால அந்த ஐஸ்கிரீமே அந்தக் குழந்தைங்களுக்குப் பிடிக்காமப் போச்சு. ஐஸ்கிரீம் என்ன பாவம் பண்ணுச்சு?

இதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். வாந்தி மாத்திரை மருந்தால வர்ற வாந்தியைத்தான் பிடிக்கும், இந்த வகைக்கு அவ்வளவா கேக்காது. பதட்டத்தக் குறைக்கற மாத்திரை முந்தின ராத்திரி குடுக்கறது உண்டு, அத அவங்க முடிவு பண்ணட்டும். நிறைய பேரு "இதையெல்லாம் போய் சொல்லிக்கிட்டு"ன்னு மறைச்சிடறாங்க.

ரெண்டாவது, எந்தப் பயிற்சியா இருந்தாலும் வீட்ல, குமட்டல் இல்லாத நாள்ல பழகட்டும். கீமோ நாற்காலில வச்சுதான் முதன்முதலா ஆரம்பிக்கணும்னு நினைக்காதீங்க. இல்லாட்டி அந்த ஆடியோவும் ஐஸ்கிரீம் கதி ஆயிடும். ரொம்பப் பிடிச்ச பாட்டையும் அன்னிக்குக் கொண்டுபோகாதீங்க. எங்க வார்டுல ஒருத்தங்க அப்படி ஒரு பாட்டைத் தொலைச்சிட்டாங்க, இன்னும் கேக்க முடியலையாம்.

வாய்ப்புண் வலிக்கு இது உதவி நான் கண்ணால பாத்திருக்கேன். எலும்பு மஜ்ஜை மாற்று பண்றவங்களுக்கு வாய் முழுக்க வெந்துபோயிடும், எச்சில் முழுங்கறதே வேதனை. சிர்ஜாலான்னு ஒருத்தங்க 94 பேர வச்சு 1995ல ஆய்வு போட்டாங்க, தளர்த்தலும் மனக்காட்சியும் கத்துக்கிட்டவங்களுக்கு வலி குறைஞ்சுது. மார்ஃபின்ங்கற வலி மருந்துக்குப் பதிலா இல்ல, அதோட சேத்து. அந்தச் 'சேத்து'தான் முக்கியம்.

---

பனித்தடம்

அந்த ஆடியோ இணைப்பு யாரிடமாவது இருக்கிறதா?

---

தறிநூல்

இரவுப்பணி அக்கா, ரொம்ப நன்றி. ஐஸ்கிரீம் கதையை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல" என்றார். அப்படி ஒரு பயத்தை இத்தனை நாள் மனசில் வைத்திருந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

சரி, படைவீரர் வேண்டாம் என்றால் எதை நினைக்கச் சொல்வது? கடற்கரை, மலையருவி என்று இணையம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது. அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம்.

---

கரையோரம்

புற்றுநோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் பயப்படுகிறவரைக் கடற்கரையில் உட்கார வைப்பதுதான் பொது ஆடியோக்களின் பெரிய கோளாறு. காட்சியை நோயாளிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் கேட்கும் முதல் கேள்வி: "எந்த இடத்தில் உங்களை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தார்கள்?" வரும் பதில்கள் விசித்திரமாக இருக்கும். ஒருவர் பேருந்தின் கடைசி இருக்கை என்றார். ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த சந்து என்றார். அருவியெல்லாம் ரொம்ப அபூர்வம்.

சண்டைக் காட்சி சிலருக்கு நிஜமாகவே தெம்பு தருகிறது, அவர்களை நான் தடுப்பதில்லை. பிடிக்காதவர்மீது திணிப்பதுதான் தப்பு. அம்மா ஹெட்போனைக் கழற்றியது சரியான முடிவு. வற்புறுத்தவே வேண்டாம்.

இப்போது முக்கியமானது. முன்கூட்டிய குமட்டலுக்கு உதவும் காட்சி அருவியும் இல்லை, போர்க்களமும் இல்லை. அந்த மருத்துவமனையேதான்! கேரி மாரோ என்பவர் 1982இல் இதே குமட்டல் உள்ள 60 பேரிடம் செய்து பார்த்த முறை இது. கூச்சம் நீக்குவது போல, பயத்தைப் படிப்படியாக நீக்குவது. வெறும் பேச்சு ஆலோசனை பெற்றவர்களை விட இந்த முறையில் பழகியவர்களுக்குக் குமட்டல் நன்றாகக் குறைந்தது.

முதல் மூன்று நான்கு நாள் தளர்த்தல் மட்டும். சாய்ந்து உட்காரட்டும். கையை இறுக்கி மூடி, ஐந்து எண்ணி, விடட்டும். தோள், நெற்றி, தாடை, கால் என்று போகட்டும். (அறுவை ஆன பக்கமோ, ஊசிக்குழாய் இருக்கும் கையோ என்றால் இறுக்க வேண்டாம், நினைத்தாலே போதும்.) மூச்சை இழுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், விடுவதை மட்டும் நிதானமாக நீட்டட்டும். பிறகு அவருடைய இடம். அங்கே என்ன தெரிகிறது என்பதோடு நிறுத்தாமல், காலடியில் என்ன, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, என்ன சத்தம் என்று நீங்கள் மெதுவாகக் கேளுங்கள். உங்கள் குரலில் நீங்களே பதிவு செய்தாலும் நல்லது. முன்பின் தெரியாத தேன்குரலை விட மகனின் கரகரப்பு மேல். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். முடிக்கும்போது விரலை அசைத்து, அறையைச் சுற்றிப் பார்த்து, மெதுவாக எழட்டும்.

அது கைவந்த பிறகு படிக்கட்டு. முந்தின நாள் மாலை பையில் ஃபைலை எடுத்து வைப்பது ஒரு படி. காரில் ஏறுவது ஒன்று. வாசல் திருப்பம், ஸ்பிரிட் வாடை, நாற்காலி, ஊசி. தளர்ந்த நிலையில் முதல் படியை மனசில் பார்க்கட்டும். வயிறு புரளத் தொடங்கினால் உடனே தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும், அடங்கியதும் மறுபடி அதே படி. ஒரு படி சலனமில்லாமல் கடந்தால்தான் அடுத்தது. பதினாறு நாளில் எல்லாப் படியும் முடியாமல் போகலாம். வாசல் திருப்பம் வரை வந்தாலே பெரிய லாபம்தான். உளவியலாளர் யாராவது அங்கே இருந்தால் முதல் முறையை அவரோடு செய்வது இன்னும் நல்லது.

யாருக்கு எச்சரிக்கை? மூச்சுத் திணறல் உள்ளவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பீதிதான் கூடும். பழைய வன்முறை, விபத்து நினைவுகள் உள்ளவர்கள் கண்ணை மூடினால் அதுவே வந்து நிற்கலாம். கண்ணைத் திறந்தபடி சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துச் செய்யலாம். குரல் கேட்பது போன்ற மனநோய் இருந்தவர்கள் தனியாகச் செய்யவே வேண்டாம்.

---

அரைத்தூக்கம்

குடல் புற்று, சிகிச்சை முடிந்து இப்போது கண்காணிப்பில் இருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும்.

எனக்குப் படமே தெரியாது. கண்ணை மூடினால் இருட்டு, அவ்வளவுதான். சொந்த அம்மா முகம்கூட வராது. ஆலோசகர் "புல்வெளியைப் பாருங்கள்" என்பார், நான் தெரிவதாகத் தலையாட்டுவேன். ஆறு வாரம் தலையாட்டினேன்! எனக்கு இது வராது, நான்தான் சரியாக முயலவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, இப்படிப்பட்டவர்கள் உலகத்தில் நிறைய உண்டு, ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் இதற்கு 'அஃபான்டாசியா' என்று பெயரே வைத்திருக்கிறார் என்று.

எனக்கு வேலை செய்தது சத்தமும் தொடுகையும். ஓட்டின் மேல் மழை விழும் சத்தத்தை நினைத்துக்கொள்வேன், ஈரத் துணியைப் பிழியும் கனத்தைக் கையில் உணர்வேன். ஸ்கேன் மெஷினுக்குள் அந்தத் தடதடவைக் கேட்டுக்கொண்டு துணி பிழிந்துகொண்டே இருந்திருக்கிறேன். வெளியே வந்தபோது ஆபரேட்டர் "தூங்கிட்டீங்களா" என்றார்.

---

வெண்கதிர்

கரையோரம் அவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பணுக்கள் மாறுவதற்கு ஆதாரமே இல்லை என்பதுபோல் பேசாதீர்கள். 2009இல் எரெமின் என்பவரின் ஆய்வு, 80 மார்பகப் புற்று நோயாளிகள், தளர்த்தலும் மனக்காட்சியும் செய்தவர்களின் ரத்தத்தில் சில எதிர்ப்பணு அளவுகள் மாறியிருந்தன.

---

உப்புக்கல்

நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ரத்தத்தில் ஒரு அளவு ஏறுவது வேறு, அதனால் நோயாளி அதிக நாள் வாழ்வது வேறு. முதல் வரியிலிருந்து இரண்டாவதுக்கு நீங்கள் தாண்டும் அந்தத் தாவல்தான் எனக்கு ஒவ்வாதது.

என் பங்குக்கு நானும் இறங்கி வருகிறேன்: 2022இல் அமெரிக்கப் புற்று மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வலிக்கான வழிகாட்டுதலில், தசைத் தளர்த்தலோடு சேர்ந்த மனக்காட்சியையும் சேர்த்திருக்கிறார்கள். 'தரலாம்' என்ற அளவில். அந்த அளவே போதும்.

---

ஒற்றைச்செருப்பு

இந்த இழையை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசனை.

என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. சினைப்பைப் புற்று. இந்த ஆடியோவை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். கீமோவும் நடந்தது, ஒன்றையும் விடவில்லை. காலையில் அவள் கண்மூடி உட்காருவாள். முகம் தெளிந்துவிடும், அந்த அரைமணி நேரம் வலியும் இருக்காது. நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் நான் கேட்பேன், "ஒழுங்கா பண்றியா?" என்று. அக்கறையில்தான் கேட்டேன். நோய் திரும்பிய அன்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னது, "மன்னிச்சிருங்க, நான் சரியா பாக்கலபோல. நடுவுல நடுவுல தூங்கிட்டேன்."

ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர், புற்றுநோய் உளவியலுக்கே அடித்தளம் போட்டவர், 'நேர்மறைச் சிந்தனையின் கொடுங்கோன்மை' என்று எழுதியிருக்கிறாராம். அதை அவள் போன பிறகுதான் படித்தேன்.

தறிநூல் தம்பி, பயிற்சி செய்யட்டும், நல்லது. ஆனால் ஒழுங்காகச் செய்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

---

வெண்கதிர்

ஒற்றைச்செருப்பு ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று பதில் எழுத முடியவில்லை. நான் சொன்ன அந்த நண்பர் டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. நலமாக இருக்கிறார் என்று நான் எழுதியது அவர் சொன்னதை வைத்துத்தான். அவரிடம் பேசப் போகிறேன். மனசின் சக்தியை நான் இன்னும் நம்புகிறேன், அது வேறு விஷயம்.

---

இரவுப்பணி

ஐயா, அவங்க நடுவுல தூங்கினாங்கன்னா அந்தப் பயிற்சி நல்லாவே நடந்திருக்குன்னு அர்த்தம். அந்த நோயில தூக்கம் வர்றது சாதாரணம் இல்ல.

---

ஒற்றைச்செருப்பு

நன்றிம்மா.

---

தறிநூல்

நான்காவது சுற்று நேற்று முடிந்தது.

அம்மா தேர்ந்தெடுத்த இடம், பள்ளிக்கூடம் விட்டபிறகு காலியாக இருக்கும் வகுப்பறை. பிள்ளைகள் போய்விட்டார்கள், இவர் மட்டும் கரும்பலகையைத் துடைக்கிறார். ஈரத் துணி, சுண்ணாம்புப் பொடி விழும் வாசனை, எங்கோ ஒரு ஜன்னல் காற்றில் அடிக்கிறது. என் குரலில்தான் பதிவு செய்தேன். "இழுக்காம வாசி, ஒப்பிக்கிற மாதிரி இருக்கு" என்று மூன்று முறை திருத்தம் சொன்னார். நான்காவது பதிவு தேறியது.

படிக்கட்டில் ஸ்பிரிட் வாடை வரை வந்தார், அதைத் தாண்ட முடியவில்லை. டாக்டரிடமும் சொன்னோம், முந்தின இரவுக்கு மாத்திரை கொடுத்தார், தூங்கினார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, உப்புக்கல் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாசல் திரும்பியபோது கண்ணை மூடிக்கொண்டார், வாயைப் பொத்தவில்லை. வார்டுக்குள் போனதும் ஒரு முறை வாந்தி வந்தது. போன தடவை நான்கு. ஊசி ஏறும்போது கண்மூடியே இருந்தார்.

திரும்பி வரும்போது கேட்க வாய் வரை வந்தது, ஒற்றைச்செருப்பு ஐயா. கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "பலகையில பாதிதாண்டா தொடச்சேன், அதுக்குள்ள நர்ஸ் முடிஞ்சுதுன்னு எழுப்பிட்டா. மீதிய அடுத்த தடவை பாத்துக்கறேன்."